குங்குமம் வைத்த குஞ்சு

காலையில் தகரக் கூட்டைத் திறந்தேன். முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்ட சேவல்குஞ்சின் முதுகில் ஓர் இறகுகூட இல்லை. தோல் கிழிந்து ரத்தம்.

நேற்றுதான் அடையாளத்துக்கு அதன் முதுகில் குங்குமம் வைத்தேன். சாமி கோபமோ என்று பயந்து, இன்னும் கொஞ்சம் அப்பினேன்.

மற்றக் குஞ்சுகள் பாய்ந்துவந்து அங்கேயே கொத்தின.

என் அலறல் கேட்டு, ரயில் பட்டறைக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

"சாமி ஒண்ணும் செய்யல. செவப்பப் பாத்துத்தான் கொத்துதுங்க. கழுவிட்டு அடுப்புக்கரியப் பூசு. தனியா அடைச்சு வை!"

அப்படியே செய்துவிட்டுக் கூட்டைச் சாத்தக் குனிந்தேன். உள்ளே சத்தமே இல்லை. அத்தனை குஞ்சுகளும் கழுத்தை நீட்டி என் நெற்றிப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

இதைப் படிக்கும் எங்கள் செந்தூல் வட்டாரத்து அக்காமாரே, பொட்டை அழிக்கவும் முடியாது. நாளைக்குத் தீனி போட உங்களில் யார் வருகிறீர்கள்?