கார்பைன் ரிப்பேருக்குப் போயிருந்தபோது

எதிர்வீட்டில் ஒரு டிரெட்மில் இருக்கிறது. வாங்கிய புதிதில் இரண்டு வாரம் ஓடினார்கள். அப்புறம் அது துண்டு காயப்போடத்தான். புனேயில் எங்கள் மகர்பட்டா அடுக்ககத்தில் எந்த மாடியில் பார்த்தாலும் இப்படி ஒன்று இருக்கும். என் வீட்டில் ஒரு சைக்கிள் நிற்கிறது, அதைப் பற்றிப் பேச வேண்டாம். நேற்று அந்த டிரெட்மில்லைச் சரிசெய்ய ஒருவர் வந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணெய் போட்டார். வாசனை நடையைத் தாண்டி என் கூடத்துக்குள் வந்தது. காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். மல்லிகை வாசனைக்கு நின்றாலாவது கவிதை மனசு என்பார்கள். மெஷின் எண்ணெய்க்கு நிற்கிறவளை என்னவென்று சொல்வது?

எனக்கு அது அப்பாவின் வாசனை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்கியில் அப்போது நாங்கள் இருந்த வீட்டுத் தரையில் பழைய போர்வையை விரித்து, கார்பைனைப் பிரித்துப்போட்டுத் துடைப்பார். கார்பைன் என்றதும் பயந்துவிடாதீர்கள். ரைபிளுக்குத் தம்பி, அவ்வளவுதான். குழல் கொஞ்சம் குட்டை. அப்பா வேலூர்ப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு ஊருக்குத் திரும்பாமல் புனேயிலேயே தங்கிவிட்டார். சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் இருந்தால் பாங்குக்குப் பணம் ஏற்றிப்போகும் வண்டியில் காவல் வேலை கிடைக்கும். துப்பாக்கி இல்லாத காவல்காரரை யார் வண்டியில் ஏற்றுவார்கள்? ஆக, என்னைப் படிக்கவைத்தது அந்தக் கார்பைன்தான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. துப்பாக்கி உள்ளே இருக்கும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு போகக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். லைசென்சில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்றுதான் போட்டிருந்தது. அப்பா அதற்குத் தன் உரையை எழுதிக்கொண்டார். இரும்புப் பெட்டி இருந்தது, பெட்டிக்குப் பூட்டு இருந்தது, அது நின்ற அலமாரிக்கும் பூட்டு இருந்தது. "பூட்டு இன்னாத்துக்கு ஆவும்? ஆள் இருக்கணும்மா," என்பார்.

இதன் கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்பா டூட்டிக்குப் போனால் துப்பாக்கியும் கூடப் போகும். வீட்டைப் பூட்டலாம், ஆனால் அப்பா இல்லை. அப்பா வீட்டில் இருந்தால் துப்பாக்கியும் வீட்டில் இருக்கும். யாராவது ஒருவர் காவல். கல்யாணமா, கோயில் திருவிழாவா, ஊரில் சாவா, நானும் அம்மாவும் போவோம். அப்பா வீட்டில் இருப்பார். நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக வெளியே போனது என் நினைவில் ஒரு தடவைகூட இல்லை. நான் பத்தாவது படிக்கும்போது அம்மா போய்விட்டாள். பெண்கள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று சொல்லி என்னை வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். எப்படியும் ஒரு ஆள் இருக்க வேண்டியிருந்தது.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஊரில் எல்லாரும் யாருக்கு ஓட்டு என்று பேசிக்கொண்டிருக்க, நான் இந்தத் தடவையாவது எங்கள் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று காத்திருப்பேன். ஆனால் பணவண்டிக் காவல் என்பதால் அப்பாவுக்கு ஒவ்வொரு தடவையும் விலக்குக் கிடைத்துவிடும். அந்தக் கடிதத்தைப் பெருமையாக வாங்கிக்கொண்டு வருவார்.

படித்து முடித்து ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். கம்பெனி வண்டி காலையில் அள்ளிக்கொண்டு போய், இருட்டிய பிறகு கொட்டிவிட்டுப் போகும். நான் இருக்கும்போது அவர் டூட்டியில், அவர் இருக்கும்போது நான் வண்டியில். அடுப்பில் மூடிவைத்த குழம்பைப் பார்த்துத்தான் அப்பா வந்து போனதையே தெரிந்துகொள்வேன். ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போனால் அவர் காவல்; அவர் முடிவெட்டப் போனால் நான் காவல். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இப்படித் தனியாக இருக்க முடியுமா என்று கேட்டால், முடியும். நாங்கள் இருந்தோம்.

அப்படிப்பட்ட ஒரு மழைக்காலத்தில் கார்பைனின் குழல் கெட்டுப்போனது. வருடாந்திரச் சோதனையில் குண்டு ஒன்று கிழக்கே போனது, ஒன்று மேற்கே போனது. உள்ளே துரு அரித்திருக்கிறது, குழலை மாற்றினால்தான் டூட்டி என்று சொல்லிவிட்டார்கள். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என் சம்பளத்தில் வீடு ஓடிவிடும்தான். அதைச் சொல்லிப் பார்த்தேன். "ஒக்காந்து தின்னா ஒடம்புக்கு ஆவாது," என்று பேச்சை முடித்துவிட்டார்.

கேம்ப் என்ற கடைப்பகுதியில் ஒரு சந்துக்குள் யூசுப் பாயின் துப்பாக்கிக் கடை இருந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, குழலுக்குள் ஒரு சின்ன விளக்கை விட்டுப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் முகத்தைப் பார்ப்பதுபோல அப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கதம்," என்றார் யூசுப் பாய். தீர்ந்தது. புதுக்குழல் வெளியூரில் இருந்து வரவேண்டும், அனுமதி வாங்க வேண்டும், பொருத்திச் சுட்டுப் பார்க்க வேண்டும். மூன்று நான்கு வாரம் ஆகும், அதுவரை கார்பைன் தன்னிடம்தான் இருக்கும் என்றார். அப்பா வெறுங்கையோடு சந்திலிருந்து வெளியே வந்தார். வலது கை தோள்வாரைத் தேடித் தேடித் திரும்பி வந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் துப்பாக்கி இல்லை.

"அப்பா, ஞாயித்துக்கெழம எங்கியாவது போலாமா?"

"போய்ட்டு வா. நான் இருக்கறேன்."

"இருந்து எதப் பாத்துக்கப் போற? அதுதான் இல்லியே."

காலியான இரும்புப் பெட்டி இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டார்.

முதல் ஞாயிறு பெரிய சாதனை ஒன்றும் இல்லை. தெருமுனை வரை போய்த் திரும்பிவந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். பஸ்ஸில் ஏறிய பிறகும் இழுத்தேனா என்று என்னிடம் கேட்டார். ஒரு இந்திப்படத்துக்குப் போனோம். இடைவேளையில் விளக்குப் போட்டதும் எழுந்து நின்றுகொண்டார்; படம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டாராம். இரண்டாவது வாரம் கோயில், அதற்கடுத்த வாரம் ஒரு கல்யாணம். எங்களைச் சேர்த்துப் பார்த்த கட்கித் தமிழர்கள், ஏதோ விசேஷமா என்று கேட்டார்கள். என்ன சொல்வது? எங்கள் துப்பாக்கிக்கு உடம்பு சரியில்லை, அதனால் நாங்கள் சௌக்கியம் என்றா?

நாலாவது வாரம் முடிந்தும் யூசுப் பாயிடமிருந்து சேதி இல்லை. பணவண்டிக் கம்பெனிக்காரர்கள் அப்பாவுக்குப் போன் செய்துகொண்டே இருந்தார்கள். வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்றுகூட மிரட்டினார்கள். வேலை போனால் அப்பா நொடிந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் குழல் வரவேண்டாம் என்றுதான் மனசு சொன்னது. என்ன செய்ய, மனசுக்கு மானம் மரியாதை கிடையாது.

அந்த ஞாயிறு லோக்கல் ரயில் ஏறி மலைப்பக்கம் லோணாவ்ளா போனோம். நல்ல மழை. ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு வண்டிக்கடையின் தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கி நின்றோம். அப்பா இரண்டு வடாபாவும் இரண்டு டீயும் சொன்னார்.

"எனக்கு டீ வேணாம்ப்பா. நான் டீ குடிக்கமாட்டேன்."

"எப்பத்துலேர்ந்து?"

"எப்பவுமே குடிக்கமாட்டேன்."

அவர் கையில் தம்ளர் அப்படியே நின்றது. நான் கிண்டலாகத்தான் சொன்னேன், அவருக்கு முகம் விழுந்துவிட்டது. பிறகு இரண்டு டீயையும் அவரே குடித்தார். "ஒங்கம்மாவும் குடிக்கமாட்டா," என்றார். அம்மாவைப் பற்றி அவராக என்னிடம் பேசியது அன்றைக்குத்தான். ரயிலில் திரும்பும்போது இன்னும் பேசினார்: அம்மா முதன்முதலில் புனே வந்து இறங்கியது, குளிரில் அழுதது, மராத்திக்காரப் பக்கத்துவீட்டம்மாவிடம் கையாட்டியே குடித்தனம் நடத்தியது. கட்கி வந்ததே தெரியாமல் அடுத்த ஸ்டேஷனில் போய் இறங்கினோம். அங்கிருந்து நடந்தே வந்தோம்.

அடுத்த சனிக்கிழமை யூசுப் பாய் கடைக்குப் போனோம். கார்பைன் மேஜைமேல் கிடந்தது. பழைய கட்டை, புதுக்குழல், கறுப்பு பளபளவென்றிருந்தது. அப்பா உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். யூசுப் பாய் எண்ணெய்த் துணியால் குழலைத் துடைத்தபடி என்னிடம் இந்தியில், சும்மா பேச்சுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்:

"மகளே, இது போன வாரமே தயார். அன்னிக்கே போன் பண்ணிட்டேன். அப்பாதான், பாய், இன்னும் ஒரு வாரம் உங்ககிட்டயே இருக்கட்டும்னு சொன்னார்."

அப்பா வந்தார், கார்பைனை உறையில் போட்டார், வாரைத் தோளில் மாட்டினார். தோள் தன் பழைய சாய்வுக்குப் போய்விட்டது. ஆட்டோவில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அதை நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தோம்.

"யூசுப் பாய் ரொம்ப லேட் பண்ணிட்டார்ல?" என்றேன்.

"ஆமா," என்றார் அப்பா, வெளியே பார்த்துக்கொண்டு. "லேட் பண்ணிட்டான்."

திங்கட்கிழமை டூட்டி திரும்பக் கிடைத்தது. நாங்கள் பழையபடி ஆனோம். புதுக்குழல் அதற்குப் பிறகு ஒரு நாளும் மக்கர் செய்யவில்லை. அதன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று உங்களிடம்தான் சொல்கிறேன்.

அப்பா போய் வருடங்களாகிவிட்டன. லைசென்சை என் பெயருக்கு மாற்றுகிறீர்களா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று கார்பைனை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டேன். யூசுப் பாய் கடை இருந்த இடத்தில் மொபைல் உறை விற்கிறார்கள். கட்கி வீட்டை இடித்துவிட்டார்கள். எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. இந்த மகர்பட்டா வீட்டுக்கு வந்துவிட்டேன். எட்டாவது மாடி, மூன்று பூட்டு. எப்போது வேண்டுமானாலும் பூட்டிக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் போகலாம். முதல் வருடம் வெறிபிடித்தாற்போல் போனேன். கோவா, கேரளா, ஒருமுறை சிங்கப்பூர்கூட.

அப்பாவின் சட்டத்தில் நான் கவனிக்காத ஒன்று இருந்தது. வெளியே போனவர் திரும்பி வரும்போது உள்ளே ஒரு ஆள் இருப்பார். விளக்கு எரியும். செருப்புச் சத்தம் கேட்டதும், "யாரு, நீயா?" என்று தாழ்ப்பாள் விலகும். இந்த வீட்டுக் கதவை இதுவரை யாரும் எனக்காக உள்ளிருந்து திறந்ததில்லை.