குகைக் கோயிலில் ஓர் அசெம்பிளி பாயின்ட்

ஓய்வு பெற்ற ஆண்களுக்குச் சுற்றுலா யோசனை பெரும்பாலும் மனைவிமார்களிடமிருந்துதான் வரும். "எங்கேயாவது ஒருநாள் போய்ட்டு வாங்களேன்" என்பார்கள். எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் மூன்று வீடுகளிலும் ஒரே வாரத்தில் இந்த அக்கறை தலைகாட்டியதால், அடுத்த புதன்கிழமை ரயிலேறிச் செங்கல்பட்டு போய், அங்கிருந்து ஒரு பல்லவர் காலத்துக் குகைக் கோயிலைப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவு செய்தோம். கோயிலின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அங்கே கூட்டம் சேர்ந்துவிடும்.

மூவரும் ஒரகடத்தில் ஒரே உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். நான் தரக்கட்டுப்பாட்டில் ஆவணப் பிரிவு. எந்த வேலையை எப்படிச் செய்யவேண்டும் என்று, அந்த வேலையை ஒருநாளும் செய்யாமலே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாமவர் மண்ணூர்க்காரர், ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவர். ஐந்நூறு பேர் வேலை செய்யும் இரைச்சலில் பேசிப் பழகியதால் இன்றைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பத்து மீட்டருக்கான குரலில்தான் பேசுவார். மூன்றாமவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஃபோர்க்லிஃப்ட் டிரைவர். எங்களில் கடைசியாக, மூன்று மாதங்களுக்கு முன்புதான் ஓய்வு பெற்றார்.

பயணத்துக்கு நான் ஒரு பக்கத்தில் திட்டம் எழுதினேன். பழக்கதோஷம். செலவு குறைவாக இருக்கவேண்டும் என்பதால் சாப்பாடு வீட்டிலிருந்து, போக்குவரத்து மின்சார ரயிலும் ஷேர் ஆட்டோவும் மட்டும். நான்காவது பிரிவின்படி, கோயிலுக்குள் போகும் முன் செல்போன்களை என்னிடம் ஒப்படைத்து டோக்கன் வாங்கிக்கொள்ளவேண்டும். தொழிற்சாலையில் உற்பத்தி லைனுக்குப் போகும் முன் செய்வதுதான். சூப்பர்வைசர் போனில் வீடியோ பார்க்கும் சத்தத்தைக் கேட்டவர்கள் இந்தப் பிரிவை ஆட்சேபிக்கமாட்டார்கள். ஆறாவது பிரிவு: யாராவது பிரிந்துபோனால் தேடக்கூடாது, படிக்கட்டு முடியும் இடத்தில் உள்ள வேப்பமரத்தடியே தீ ஒத்திகையில் எல்லாரும் வந்து கூடுவதுபோல் அசெம்பிளி பாயின்ட், ஆள் எண்ணிக்கை சரியாகும்வரை அங்கிருந்து நகரக்கூடாது. அந்த வேப்பமரத்தை நான் இணையத்தில் ஒரு புகைப்படத்தில் பார்த்திருந்தேன்.

புதன் காலை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் டிரைவர் வந்து நின்றபோது அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது.

"சார், இன்னைக்கு மூணு மணிக்கு இன்டர்வியூ. ஒரகடத்துல புதுசா ஒரு குடோன் தொறக்காவல்லா, அங்க பயலுவளுக்கு ஃபோர்க்லிஃப்ட் சொல்லிக்குடுக்க ஆள் வேணுமாம். நேத்து சாயந்தரந்தான் போன் வந்துச்சு."

"அப்புறம் இன்னாத்துக்குய்யா இங்க வந்த? வூட்ல குந்தினு இருக்கவேண்டியதுதான?" என்றார் சூப்பர்வைசர்.

"வீட்டுல இருந்தா கடியாரத்தையே பாத்துட்டு இருப்பேன் அண்ணாச்சி."

அவர் கடிகாரத்தைப் பார்ப்பதற்குக் காரணம் இருந்தது. மகள் இங்கே நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். இந்த மாதக் கடைசிக்குள் வேலை அமையாவிட்டால் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அவரும் மனைவியும் ஊருக்குப் போய், மச்சினருடைய உரக்கடையில் உட்காரவேண்டும் என்று குடும்பத்தில் தீர்மானமாகியிருந்தது. மகளை ஹாஸ்டலில் விடவேண்டும். மகள் சரி என்றுவிட்டாள். அவருக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

நான் திட்டத்தைப் பார்த்தேன். ஒரு மணி வண்டியில் திரும்புகிறோம். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் போகக்கூட நேரம் இருக்கிறது. "நான் பொறுப்பு" என்றேன். முப்பது வருட உத்தியோகத்தில் இந்த இரண்டு சொற்களை ஒருமுறைகூட எழுத்தில் கொடுத்ததில்லை. அன்று வாயால் சொல்லிவிட்டேன். அவருடைய ஃபைலை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன்.

வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. பரனூர் தாண்டியதும் கொளவாய் ஏரி ஜன்னலோடு கூடவே வந்தது. மூவரும் அந்த ஏரியைப் பலமுறை பார்த்தவர்கள்தாம், எல்லாம் ஷிப்ட் முடிந்து தூங்கிவழிந்த கண்களோடு. காலை ஒன்பது மணிக்கு அதில் இத்தனை பறவைகள் உட்கார்ந்திருக்கும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. "இன்னா கூட்டம் பாரு, எல்லாம் வேல இல்லாத பசங்க" என்று சூப்பர்வைசர் சொன்னது பெட்டி முழுக்கக் கேட்டது.

குகை சிறியது. ஒரு குன்றின் நெற்றியில் இரண்டு தூண்களை விட்டுவிட்டு மீதிப் பாறையைக் குடைந்து எடுத்திருந்தார்கள். உள்ளே லிங்கம். இருபுறமும் துவாரபாலகர்கள். ஒருவர் பெரிய கதாயுதத்தை ஊன்றிக்கொண்டு, அதன்மேல் கையைப் போட்டு, உடம்பின் எடையை ஒரு காலில் நிறுத்தி நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் டோக்கன் வாங்கிக்கொண்டு, செல்போன் இல்லாத கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிக்கொண்டு பார்த்தோம்.

"செக்யூரிட்டி எப்டி நிக்கிறான் பாத்தியா?" என்றார் சூப்பர்வைசர். "ஆயிரத்து சில்லற வருசமா ரிலீவர் வரல. ஓவர்டைம் கேட்டா கம்பெனி திவாலாயிடும்."

உள்ளே தீபம் காட்டிக்கொண்டிருந்த குருக்கள் சிரித்துவிட்டார். டிரைவர் சிரிக்கவில்லை. மகள் பெயருக்கும் தன் பெயருக்கும் அர்ச்சனை செய்துவிட்டு, கண்ணை மூடி நின்றார். பிறகு பாறைச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "உளித் தடம் அப்படியே இருக்கு சார். ஒரு எடத்துலயும் சறுக்கல பாத்தியளா" என்றார். அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய காலத்தில் ஒரு பெட்டியைக்கூட இடித்ததில்லை.

மணி பதினொன்றே முக்கால். பின்பக்கம் இன்னொரு சின்னக் குகை இருக்கிறது என்று குருக்கள் சொன்னார். எனக்கு முட்டி வலி, சூப்பர்வைசருக்குப் பசி. டிரைவர் மட்டும் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார்.

"பன்னிரண்டுக்கு அசெம்பிளி பாயின்ட்" என்றேன்.

"சரி சார்" என்று சல்யூட் வைத்துவிட்டுப் போனார்.

நாங்கள் இருவரும் கீழே இறங்கி வேப்பமரத்தடியில் துண்டை விரித்தோம். பன்னிரண்டு ஆயிற்று. பன்னிரண்டேகால் ஆயிற்று. சூப்பர்வைசர் எலுமிச்சைச் சாத டப்பாவைத் திறந்து, முகர்ந்து, மூடினார். பன்னிரண்டரைக்கு எழுந்துவிட்டார்.

"சார், நா போய் ஒரு எட்டு பாத்துனு வந்துர்றேன்."

"கூடாது. நீங்க இந்தப் பக்கம் போவீங்க, அவர் அந்தப் பக்கம் வருவார். அப்புறம் உங்களை நான் தேடணும்."

"ஆளுக்கு மூணு மணிக்கு இன்டர்வியூ சார்!"

"அதனாலதான் சொல்றேன். உட்காருங்க."

அவர் உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஒருமுறை தீயணைப்பு ஒத்திகையின்போது அவருடைய ஷிப்ட்டில் ஒருவன் டிபன்பாக்ஸை எடுக்கத் திரும்ப உள்ளே போய்விட்டான். அந்த வருடத்துப் பாதுகாப்புக் கேடயம் அவர் ஷிப்ட்டின் கைநழுவிப் போயிற்று. மதிப்பெண் போட்டது நான். அதை அவர் மறக்கவில்லை என்பது அன்று தெரிந்தது. உட்கார்ந்தபடியே குன்றைப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தார். லைனே நின்றுபோகும் சத்தம். பாறை அதை அப்படியே எங்களிடம் திருப்பித் தந்தது. டிரைவருடைய போனுக்கு அழைக்கலாம் என்று தோன்றி எண்ணை அழுத்தினேன். என் பைக்குள்ளேயே மணி அடித்தது.

ஒரு மணிக்கு எனக்குப் பயம் வந்துவிட்டது. வெயில், பாறை, அறுபதை நெருங்கும் உடம்பு. காலையில் அவர் இட்லிகூடச் சாப்பிடாமல் வந்ததாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. நகரக்கூடாது என்று எழுதியவன் நான். அதை எந்த முகத்தோடு மீறுவது என்று யோசித்துக்கொண்டே மேலும் கால் மணி நேரத்தைக் கழித்தேன். வெளியே சொல்லிக்கொள்ள முடியாத கால் மணி நேரம் அது.

ஒன்றேகாலுக்குக் குருக்கள் மொபெட்டில் வந்து எங்கள் முன்னால் நிறுத்தினார். நடை சாத்திவிட்டு வீட்டுக்குப் போயிருந்தவர்.

"உங்களோட வந்தவர் பின்பக்கம் மரத்தடியில நிக்கறார். எங்காத்துக்கு எதிர்க்கத்தான். ஒரு மணி நேரமா நிக்கறாரேன்னு உள்ள வந்து மோர் சாப்பிடுங்கோன்னேன். வரமாட்டேங்கறார். நகர்ந்தா எண்ணிக்கை கெட்டுப்போயிடுமாமே?"

குன்றுக்குப் பின்பக்கமும், சின்னக் குகையிலிருந்து நேரே கீழே இறங்கும் ஒரு படிக்கட்டு இருந்தது. அது முடியும் இடத்திலும் ஒரு வேப்பமரம் இருந்தது. புகைப்படத்தில் இரண்டு பக்கமும் தெரியாது.

சுற்றிக்கொண்டு ஓடினோம். டிரைவர் மரத்தில் சாய்ந்து, அந்தத் துவாரபாலகரைப் போலவே ஒரு காலில் எடையைப் போட்டு நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் அவர் முகத்தில் தெரிந்தது கோபமில்லை, நிம்மதி. அது ஒரு வினாடிதான் நீடித்தது.

"ஏன் சார், ரூல் போட்டது நீங்க. எடம் மாறி நின்னதும் நீங்களா?"

"யோவ், கூப்டா காதுல வுழல?" என்றார் சூப்பர்வைசர்.

"கேட்டுச்சு அண்ணாச்சி. அசெம்பிளி பாயின்டுலருந்து சத்தம் குடுத்தா அங்கனயே நில்லுன்னுதான அர்த்தம்? எத்தன டிரில்லு பாத்திருக்கேன்!" என்றபடி சட்டைப் பையிலிருந்து டோக்கனை எடுத்து நீட்டினார். "போனக் குடுங்க."

ஒரு மணி வண்டி போய்விட்டது. குருக்கள் தமக்குத் தெரிந்த ஆட்டோவை வரவழைத்தார். இரண்டு மணிக்குச் சற்றுப் பிறகு அடுத்த வண்டி கிடைத்தது. வீட்டுக்குப் போக நேரமில்லை. அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று அவர் முதுகில் இருந்தது. மரத்தில் சாய்ந்து நின்றதில் சட்டையெல்லாம் வேப்பம்பிசின். பிசினில் நாலைந்து எறும்புகளும் ஒரு காய்ந்த இலையும்.

"இதோட போனா மரம் ஏற ஆள் எடுக்கறாங்கன்னு நெனச்சிப்பான்" என்றார் சூப்பர்வைசர்.

நான் என் சட்டையைக் கழற்றினேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பெட்டியில் எதிரே உட்கார்ந்திருந்த மூன்று பெண்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஏரியின் பறவைகள் திரும்பிக்கொள்ளவில்லை. வயிற்றில் மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தாலும் சட்டை அவருக்குப் பொருந்தியது. பிசின் சட்டை எனக்குக் கச்சிதமாகவே ஒட்டிக்கொண்டது.

சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கும்போது மணி இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவு. ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பாமல் கிளம்பாது. அதில் ஏற்கெனவே ஒருவர்தான் இருந்தார். சூப்பர்வைசர் ரோட்டில் இறங்கி நின்றார். "ஒரகடம்! ஒரகடம்! ஏறு, ஏறு, வண்டி எடுக்கப்போறான்!" என்று அவர் கொடுத்த குரலில், பி ஷிப்ட்டுக்குத் தாமதமான நாலு பையன்கள் பழைய பயத்தில் ஓடிவந்து ஏறினார்கள். அவர்களில் இருவர் வல்லக்கோட்டைக்குப் போகவேண்டியவர்கள் என்று பாதி வழியில்தான் தெரிந்தது. "ஒரகடத்துலருந்து வேற வண்டி புடிச்சிக்க" என்றார். அவர்களும் "சரி சார்" என்றார்கள்.

குடோன் கேட்டில் மணி இரண்டு ஐம்பத்தெட்டு. செக்யூரிட்டிக்காரர் உள்ளே போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பதிவேட்டில் எழுதுவேன் என்றார். உள்ளே போனை யாரும் எடுக்கவில்லை. டிரைவருக்கு வியர்த்துவிட்டது.

இந்த இடத்தில்தான் நான் உபயோகப்பட்டேன். அன்று முதல்முறையாக.

"தம்பி, பார்வையாளர் கேட்டுக்கு வந்த நேரத்தைத்தான் அந்தப் பத்தியில எழுதணும். உள்ள போற நேரம் வேற. அதுக்குப் பக்கத்துப் பத்தி இருக்கு பாருங்க. அது எதுக்கு இருக்குன்னு நினைச்சீங்க?"

அவர் பதிவேட்டைப் பார்த்தார். இரண்டு பத்திகள் இருந்தன. என் முதுகில் இருந்த எறும்பையும் பார்த்தார். பிறகு எழுதினார்: 2.58. டிரைவரை உள்ளே கூப்பிட மூன்று இருபத்தைந்து ஆயிற்று. என் பையிலிருந்த ஃபைலை அவர் கையில் கொடுத்து அனுப்பினேன்.

எதிரே இருந்த டீக்கடையில் நாங்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சாத டப்பாவைத் திறக்க இருவருக்கும் மனம் வரவில்லை. சூப்பர்வைசர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. ஒரே ஒருமுறை, "அந்த மரத்தாண்ட நா எந்திரிச்சிப் போயிருக்கணும் சார்" என்றார். தாழ்ந்த குரலில் சொன்னார். நான் அவருக்கு இன்னொரு டீ சொன்னேன்.

ஐந்தரைக்கு டிரைவர் வெளியே வந்தார். நடையை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஏன் லேட்டுன்னு கேட்டாவ. கேட் ரெஜிஸ்டரப் பாருங்கன்னேன். வரவழைச்சுப் பாத்துட்டு சரின்னுட்டாவ. அப்புறம் வண்டியக் குடுத்து ரெண்டு ரேக்குக்கு நடுவுல ஓட்டச் சொன்னாவ. ரெண்டு பக்கமும் நாலு விரக்கட எடம். ஓட்டிட்டேன்."

"அப்புறம்?" என்றேன்.

"இன்னாய்யா, சீரியல் மாதிரி நிறுத்தற!" என்றார் சூப்பர்வைசர். பழைய குரல் திரும்பிவிட்டது. ரோட்டில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

டிரைவர் ஒரு கையால் பொறுங்கள் என்று காட்டிவிட்டு மறுகையால் போனை எடுத்தார். எங்களுக்குச் சொல்வதற்கு முன் சொல்லவேண்டிய ஒருத்தி இருந்தாள்.

"காலேஜ் விட்டாச்சாம்மா? சாப்பிட்டியா? ... இல்ல, ஒண்ணுமில்ல. ஒன்னாந்தேதிலருந்து வரச் சொல்லிட்டாவ. ஆமா. பகல் ஷிப்டுதான். ... ஏட்டி, எதுக்கு அழுத? அம்மைட்ட சொல்லு. வீட்டுக்காரர்ட்ட நாங்க காலி பண்ணல, இங்கனதான் இருக்கோம்னு போய்ச் சொல்லிரச் சொல்லு. இப்பவே சொல்லிரச் சொல்லு."