அன்னக்கொடி அத்தையின் பொட்டு

"ஏன்டி, என் நெத்தி மட்டும் ஏன் வெளுக்குது?" உசிலம்பட்டிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் அன்னக்கொடி அத்தை கேட்டபோது பொட்டை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். ஸ்டிக்கர் பொட்டுக்குக் கீழே மிளகளவு வெள்ளை. அதை மறைக்கப் பெரிய பொட்டு ஒட்டினார்; வெள்ளையும் பெரிதானது. பிறகு அதைவிடப் பெரிய பொட்டு.

படிக்காமலே ஊரே டாக்டர் ஆகிவிட்டது. "வெண்குஷ்டம். இவ ஆக்குனதையா பிள்ளைக திங்கிறது?" என்று சொல்லி, அவரை வேலையைவிட்டு நிறுத்த மனு எழுதினார்கள்.

காளவாசலில் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். "பொட்டுல இருக்க பசைதாம்மா காரணம். தொத்து வியாதி இல்ல. ஸ்டிக்கரை விடுங்க, ஆறுனதும் சந்தனம் வைங்க" என்று எழுதியும் கொடுத்தார்.

மறுநாள் அத்தை வெறும் நெற்றியோடு வேலைக்குப் போனார். "புருசன் இருக்கையில மூளி நெத்தியா?" என்று அதே வாய்கள் கேட்டன. மாமா அழகுபாண்டி பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார். "நல்லாப் பாத்துக்கங்க ஆத்தா, நான் இன்னும் சாகல. டாக்டர் சீட்டும் இந்தா இருக்கு."

அதோடு மனு குப்பைக்குப் போனது. அத்தைதான் இன்றும் சமைக்கிறார்.

மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட ஊர்க்கார அம்மா ஒருவர், போன வாரம் திடீரென்று பெரிய பொட்டோடு வந்தார். நான் சொன்னால் கேட்க மாட்டார். இதைப் படிக்கிற நீங்களாவது ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.