சகாயமேரி டீச்சரின் டோக்கன் பலகை

காலையில் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "அண்ணே, மேரி டீச்சர் போயிட்டாங்க. தூக்கத்துலயே" என்றார். ஷட்டர் பாதியில் நின்றது. சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் தங்க வயலில் யாராவது போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். இவர் போவார் என்று நான் நினைக்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளின் கோடியில், தகரக் கொட்டகையில், மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர் சகாயமேரி டீச்சர். கணவர் சுரங்கத் தொழிலாளி. அவர் இறந்தபின் தனியாகவே இருந்தார்.

மகள் செல்விக்கு மூன்று வயதானபோது, ஆஸ்பத்திரிக்குப் போன என் மனைவி திரும்பவில்லை. நானும் அப்படியே போய்விடுவேன் என்று அவளுக்குப் பயம். சட்டையைப் பிடித்தால் விடமாட்டாள். கடை பூட்டியே கிடந்தது. கடைசியில் டீச்சரிடம் அழைத்துப் போனேன்.

அங்கே சுவரில் ஆணி அடித்த பலகை ஒன்று. மீன், குடை, பூனை என்று ஆளுக்கொரு பட அட்டை. பிள்ளைகள் வந்ததும் மாட்ட வேண்டும். வீட்டுக்குப் போகும்போது எடுக்க வேண்டும். சுரங்கத்தில் இறங்குபவர்கள் டோக்கனை மாட்டிவிட்டு இறங்கி, மேலே வந்ததும் எடுத்துக்கொள்வார்களே, அதே ஏற்பாடு.

டீச்சர் எனக்கும் ஒரு அட்டை வெட்டித் தராசு வரைந்தார். "இது உங்கப்பா டோக்கன், கண்ணு. டூட்டிக்குப் போறாரு. வந்தாருன்னா நீதான் எடுத்துக் குடுக்கணும். வேற யாரும் தொடக்கூடாது."

முதல் நாள் முழுவதும் செல்வி பலகைக்கடியிலேயே உட்கார்ந்திருந்தாளாம். பிறகு மற்ற பிள்ளைகளோடு மணலில் விளையாடப் போனாள். அவ்வப்போது தலையைத் தூக்கி அட்டையைப் பார்த்துக்கொள்வாளாம். நான் கடையைத் திறந்தேன்.

வியாபாரிக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னா டீச்சர், நாள்பூரா மணலும் தண்ணியும்தானா? அ, ஆ எப்ப?" என்றேன்.

"முன்னால வந்தவங்க முன்னால வாங்கணும்னு உங்க கடைக்கு வர்ற எத்தினி பெரியவங்களுக்குத் தெரியுது? இங்க ஊஞ்சலுக்கு வரிசையில நிக்குதுங்க, போய்ப் பாருங்க. இன்னிக்கு உங்க பொண்ணு பலகையப் பாத்துட்டு, 'குடை வரல, பாவம், ஜுரமா இருக்கும்'னா. அத்த நான் சொல்லித் தரல. அ, ஆ எங்க போவுது, வரும் போங்க."

வந்தது. நன்றாகவே படித்தாள். இந்த வருடம் பெங்களூரில் ஹாஸ்டலில் சேர்த்தேன். அவள் பஸ் ஏறும்போது சட்டையைப் பிடித்தது நான்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி, வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் கொட்டகைக்குப் போனேன். அங்கும் பிள்ளைகள் குறைந்திருந்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்ததும், பெட்டியிலிருந்து அந்தத் தராசு அட்டையைத் தேடியெடுத்து ஆணியில் மாட்டினார். "தொங்கட்டும்ங்க. லீவுக்கு வந்து அவ எடுப்பா."

செய்தி கேட்டதும் ஹாஸ்டலுக்கு போன் போட்டேன். செல்வி, "டீச்சர் டோக்கன எடுத்தீங்களாப்பா?" என்றாள்.

கொட்டகையைத் திறந்தேன். டீச்சருக்கும் ஓர் ஆணி உண்டு. மணி படம் போட்ட அட்டை. நேற்று எடுக்க மறந்திருக்கிறார். அதை எடுத்துப்போய், சவப்பெட்டியை மூடுமுன் அவர் கையில் வைத்தேன்.

மேலே வந்துவிட்டீர்கள், டீச்சர். நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள். பலகையில் இப்போது தராசு மட்டும் தொங்குகிறது. அதை நான் எடுக்க மாட்டேன். செல்வி வர வேண்டும்.