மூன்று நாள் கார்டு

என் மகள் வாய் ஓயாமல் தமிழ் பேசுவதை முதல்முறையாகக் கேட்டபோது நான் சமையலறையில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அவள் பேசியது என்னிடம் இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தாள். கணவரின் தங்கை, என் வயதுதான். ஆபீஸ் வேலையாகக் கொல்கத்தா வந்தவள், ஊரைச் சுற்றிப் பார்க்க இரண்டு நாள் விடுப்புப் போட்டு டாக்குரியாவில் எங்கள் வீட்டில் தங்கினாள். என் மகள் இங்கேயே பிறந்தவள், ஜாதவ்பூரில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் பெங்காலியில் பதில் வரும். கெஞ்சியிருக்கிறேன், மிரட்டியிருக்கிறேன், தமிழில் பேசும்வரை சாப்பிட மாட்டேன் என்றுகூட இருந்து பார்த்திருக்கிறேன். அசையவில்லை. அப்படிப்பட்டவள் கூடத்தில் அத்தையின் தோளில் சாய்ந்து, போனைக் காட்டி, மெட்ரோ டிக்கெட்டை விளக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த டூரிஸ்ட் கார்டு மூணு நாள் ஓடுவான், அத்தை. எத்தனை வாட்டி ஏறினாலும் ஒண்ணும் கேக்க மாட்டான்."

"அட, ரொம்ப நல்ல பையனா இருக்கானே கண்ணு!" என்றாள் நாத்தனார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கார்டு ஓடுவானா? நானாக இருந்தால் 'செல்லும்னு சொல்லு' என்றிருப்பேன். மாவுக் கையோடு கூடத்துக்குப் போனேன்.

"ரெண்டு நாளைக்கு எதுக்கு மூணு நாள் கார்டு? படகுலயும் டிராம்லயும் அது செல்லாது. அப்பப்ப டிக்கெட் எடுத்தாப் போதும்."

"சாடோ நா, மா," என்றாள் மகள். விட்டுவிடேன் என்று அர்த்தம். எனக்கு மட்டும் பெங்காலி.

"வரிசையில நிக்க வேண்டாம்னு பாக்குறா அண்ணி. நீங்களும் வாங்க. மூணு கார்டா வாங்கிடலாம்."

"எனக்கு முழங்கால் வலி," என்றேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை.

முதல் நாள் அவர்கள் தட்சிணேஸ்வரம் போய்விட்டு வந்தார்கள். மாலையில் ஒரே தட்டில் ஜால்முடி என்கிற காரப்பொரியைக் கொறித்தபடி போட்டோ பார்த்தார்கள். அத்தனை போட்டோவிலும் என் மகள் பல் தெரியச் சிரித்திருந்தாள். நான் போனைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள்.

மறுநாள் ஆற்றுக்கு அடியில் போகும் மெட்ரோவில் ஹௌரா போவதாகத் திட்டம். அது திறந்த நாளிலிருந்து என்னைக் கூட்டிப் போ என்று மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். பரீட்சை, சிநேகிதி, மழை என்று ஏதாவது ஒன்று குறுக்கே வரும். அதனால் நாத்தனார் மறுபடி கூப்பிட்டபோது மறுக்க முடியவில்லை. கிளம்பிவிட்டேன்.

காளிகாட் ஸ்டேஷனில் அவர்கள் இருவரும் கார்டைத் தொட்டு நொடியில் உள்ளே போய்விட்டார்கள். நான் கவுண்டர் வரிசையில் நின்றேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் மகள் அத்தையின் முந்தானையைச் சரிசெய்துவிடுவது தெரிந்தது. என் முந்தானை தரையில் இழுபட்டாலும் அவள் கண்ணில் படுமா? டிக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனபோது, "வாங்க அண்ணி" என்று கையை நீட்டியவளும் நாத்தனார்தான்.

எஸ்பிளனேடில் வண்டி மாறினோம். சிறிது நேரத்தில் சுரங்கச் சுவரில் நீல விளக்குகள் வந்தன. மகள் அத்தையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பாருங்க அத்தை, இப்ப கங்கை நம்ம தலைக்கு மேல போறான்!"

"போகுது! கங்கை போகுது!" என்று கத்திவிட்டேன்.

பெட்டியில் பலர் திரும்பிப் பார்த்தார்கள். மகள் அத்தையின் கையை விட்டாள். விளக்குகள் முடிந்துபோயின. அவற்றை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

ஹௌராவில் மேலே வந்து படகுத்துறைக்கு நடந்தோம். நாத்தனார் பாலத்தைப் படமெடுக்க முன்னால் போனாள். மகளின் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"அத்தைகிட்ட மட்டும் எப்படிடீ தமிழ் வருது?"

பெங்காலியில்தான் பதில் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. "அத்தைக்கு நான் சொல்றது புரியணும், அவ்வளவுதான். நீ தப்புதான் பிடிப்ப, மா."

"டிக்கெட் நான் எடுக்கறேன்" என்று கவுண்டருக்குப் போனேன்.

"தீன் ஜன் டிக்கெட் தாவ்," என்றேன். உள்ளே இருந்தவர் வயதானவர். அவரிடம் 'தாவ்' என்றால் 'நீ குடு' என்பது போல; 'ஜன்' ஆட்களை எண்ணுகிற சொல், டிக்கெட்டுக்கு வராது. அது தெரிந்தும் அவசரத்தில் எப்போதும் அதுதான் வாயில் வருகிறது. அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மூன்று டிக்கெட்டைத் தள்ளினார்.

திரும்பினால் பின்னால் மகள் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். மீன்காரரிடமும் டாக்டரிடமும் அவளுடைய டீச்சர்களிடமும் என்னுடைய இந்தப் பெங்காலியைக் கேட்டே வளர்ந்தவள். ஒருநாளும் ஒரு வார்த்தையைத் திருத்தியதில்லை. அன்றும் திருத்தவில்லை. டிக்கெட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "வா, படகு கிளம்பிடும்" என்று நடந்தாள். தமிழில் சொன்னாள் என்பது படகில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். படகில் அவள் உட்கார்ந்தது அத்தையின் பக்கத்தில்தான். மறுநாள் விமான நிலையத்தில் அழுததும் அத்தைக்காகத்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு அவளோடு போனில் பேசுகிறாள். நான் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்கிறேன். பாதி தப்பு. வயிறு எரிகிறது. ஆனாலும் அவள் போனை வைக்கும்வரை எழுந்து போக மனசு வருவதில்லை.