மொட்டைமாடிக் கம்பம்

ஆறு வீடுகள் உள்ள எங்கள் விளாங்குடி அடுக்குமாடிக்கு ஒரு குடியிருப்போர் நலச் சங்கம் உண்டு. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று வீட்டுக்காரர்கள் போக, மிச்சம் இருந்த மூன்று பேர்தான் பொதுமக்கள். சங்கம் என்று வைத்துவிட்டால் எதையாவது தடை செய்யத்தானே வேண்டும்? அவர்கள் கண்ணில் என் ஆன்டெனா பட்டது.

நான் பள்ளியில் இயற்பியல் எடுப்பவள். பரீட்சை எழுதி அரசாங்க உரிமம் வாங்கிய ஹாம் ரேடியோக்காரி. சாயங்காலம் மைக்கைப் பிடித்துக் கூப்பிட்டால் கடல் தாண்டி யாரோ ஒருவர் பதில் சொல்வார். கணவர் போன பிறகு வீட்டில் நான் வாய்விட்டுப் பேசுவது அந்த நேரத்தில் மட்டும்தான். மாடியில் ஆன்டெனாவைத் தாங்கி நின்ற அலுமினியக் கம்பம் இறங்கினால் அதுவும் போச்சு.

ஒருநாள் கீழ்வீட்டுச் செயலாளர் மாடியேறி வந்தார்.

“டீச்சர், ஒங்க கம்பத்த எறக்கிருங்க. கதிர்வீச்சு வருதாம்ல. எங்க வீட்டம்மாவுக்குத் தலவலி நிக்க மாட்டேங்குது. தயிருகூட ஒறையல.”

இதைச் சொல்லும்போது செல்போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கியிருந்தார். என் ரேடியோவுக்குப் பழைய குண்டு பல்பு எரியும் சக்திதான் என்று படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“அதெல்லாம் சரி டீச்சர். பாக்கவும் நல்லா இல்லைல?”

அந்தக் கம்பத்தைச் சுற்றி மாடியில் இருந்தவை: துருப்பிடித்த டிஷ்கள், ஓட்டைத் தண்ணீர்த் தொட்டி, தலைவர் வீட்டில் கழற்றிப் போட்ட கக்கூஸ் பீங்கான். அவை எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருந்தன போலும். கூட்டம் கூடி, ஞாயிற்றுக்கிழமைக்குள் கம்பத்தை இறக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அன்று ஆத்திரத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எதிர் மனையில் அப்போது ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. முகப்பில் முட்டைக்கண்ணும் முறுக்கு மீசையுமாக ஒரு திருஷ்டி பொம்மை தொங்கியது. அதை யாரும் அசிங்கம் என்று சொல்லவில்லை. வாடிப்பட்டிச் சந்தைக்குப் போய், அதைவிடப் பெரிய பொம்மையாக, நாக்கு முழம் நீளத்துக்குத் தொங்குவதாகப் பார்த்து வாங்கிவந்து என் கம்பத்தில் கட்டினேன். சர்ச்சில் ஞாயிறு பூசைக்குத் தவறாதவள், வகுப்பில் மூடநம்பிக்கையைக் கிழிகிழியென்று கிழிப்பவள் செய்த வேலை இது.

கம்பத்தை இறக்கச் செயலாளரோடு வந்த வாட்ச்மேன் அண்ணாந்து பார்த்தார். “நான் தொட மாட்டேன் சார். அதுல இருக்குற திருஷ்டி பூராம் நம்ம மேல ஏறிரும்.”

“எதுத்த பில்டிங் கண்ணு நம்ம மேல படக்கூடாதுன்னுதான் கட்டுனேன்” என்றேன்.

“இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான டீச்சர்!” என்றார் செயலாளர்.

அந்த வாரமே அவர் மனைவிக்குத் தலைவலி நின்றது. தயிர் கட்டியாக உறைந்தது. எதிர்க் கட்டடம் இன்னொரு மாடி ஏறியதும் அவரே வந்து, “கொஞ்சம் ஒசத்திக் கட்டுங்க, அவங்களுக்குத் தெரியணும்ல” என்றார். கம்பத்தையே உசத்தினேன். உயரம் கூடியதில் என் சிக்னல் பிய்த்துக்கொண்டு பறந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஐப்பசி மழையில் கம்பத்து உச்சியில் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கி இணைப்பு அறுந்துவிட்டது. கம்பத்தைச் சாய்த்து ஒரு சால்டர் வைத்துப் பற்றவைத்தால் தீர்ந்தது. ஆனால் தனியாளாகச் சாய்க்க முடியாது. வாட்ச்மேன் வரமாட்டேன் என்றார். செயலாளர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“பொம்ம ஏறுன பொறவுதான் டீச்சர் பையனுக்கு விசாவே வந்துச்சு. அவன் பிளேன் ஏறுற நேரத்துல எறக்குறேங்கிறீங்களே!”

“கதிர்வீச்சு வருமே சார்?”

“அதெல்லாம் வெவரம் இல்லாதவங்க சொல்றது டீச்சர்.”

மறுபடி கூட்டம், மறுபடி தீர்மானம். கம்பத்தை யாரும் தொடக்கூடாது.

இன்று சாயங்காலமும் பழக்கதோஷத்தில் மைக்கைக் கையில் எடுத்து, அப்படியே வைத்துவிட்டேன். மாடியில் பொம்மை நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறது. எதிர்க் கட்டடத்துக்காரர்களுக்கு என்று சொல்லித்தான் கட்டினேன். அது என்னைப் பார்த்துத்தான் பழிப்புக் காட்டுகிறது.