வரலாறு படித்தால் மாதம் எவ்வளவு?

2007-ஆம் வருடம், ஜூன் மாதம். கல்பாக்கம் அணுமின் நிலையக் குடியிருப்பில் இருந்தோம். நான் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்தேன். கையுறையில் இருந்து கம்பிச் சுருள் வரை எது வேண்டுமானாலும் எங்களிடம் படிவம் எழுதிக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். படிவத்தின் கடைசிக் கட்டம் 'எதற்குப் பயன்படும்' என்பது. அது காலியாக இருந்தால், வந்தவர் எவ்வளவு பெரிய விஞ்ஞானியாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த மாதம்தான் என் மகள், இன்ஜினீயரிங் கவுன்சலிங் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே, பி.ஏ. வரலாறு படிக்கப் போவதாகச் சொன்னாள். கவுன்சலிங்குக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வேறு. "ஊர்ல கேட்டா என்னத்த சொல்ல?" என்று என் மனைவி தென்காசியில் இருக்கும் சொந்தபந்தங்களை எல்லாம் நினைத்துக் கலங்கிப் போனாள்.

எனக்கு என்னவோ கோபம் வரவில்லை. அளந்து பார்க்காமல் எதையும் நம்பாத ஆள் நான். வரலாறு படித்தவர்கள் எல்லாம் என்ன ஆகிறார்கள், எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. மகளிடம் ஒப்பந்தம் போட்டேன். நேரில் போய் விசாரிப்போம், கணக்கு சரியாக வந்தால் உன் இஷ்டம், வராவிட்டால் இன்ஜினீயரிங். அவளும் உடனே ஒத்துக்கொண்டாள்.

ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். பெயர், படிப்பு, வேலை, மாத வருமானம். கைப்பழக்கத்தில் கடைசியாக 'படித்தது எதற்குப் பயன்படுகிறது' என்று ஒரு கட்டமும் சேர்த்தேன். செலவுப் பக்கம் சுலபமாக முடிந்தது. செங்கல்பட்டு அரசுக் கல்லூரியில் மூன்று வருடக் கட்டணம், பஸ், புத்தகம் எல்லாம் சேர்த்தாலும், தனியார் இன்ஜினீயரிங் கல்லூரியின் ஒரு வருடக் கட்டணத்தைத் தொடவில்லை. வரவுப் பக்கம்தான் மர்மமாக இருந்தது.

முதலில் அகப்பட்டவர் செங்கல்பட்டு பஸ் கண்டக்டர். எம்.ஏ. வரலாறு. சம்பளத்தை டிக்கெட் விலை சொல்வது போலப் பட்டென்று சொன்னார். எதற்குப் பயன்படுகிறது என்றதும், "சில்லறை இல்லாதவன்கிட்ட பொறுமையா பேச சார்" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். அடுத்து வருவாய்த் துறையில் ஓர் அம்மா. அரசுத் தேர்வில் பாதி மதிப்பெண் வரலாறுதான் வாங்கிக் கொடுத்தது என்றார். நல்ல சம்பளம். மூன்றாவது ஆள் மருந்துக் கம்பெனிப் பையோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்துகொண்டிருந்தார். நோட்டைப் பார்த்தாலே தலை சுற்றியது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் போனேன். கட்டணம் கொடுத்து ஒரு வழிகாட்டியை அமர்த்தினேன். அவர் சிற்பத்தைக் காட்ட, நான் வருமானத்தைக் கேட்டேன்.

"டிசம்பர்ல கேட்டா ஒண்ணு சொல்வேன், மே மாசம் கேட்டா ஒண்ணு சொல்வேன். எத்த எழுதிக்கப் போறீங்க?" என்றார். இரண்டையும் கேட்டு வாங்கி, கூட்டி இரண்டால் வகுத்து எழுதினேன்.

நிமிர்ந்து பார்த்தால் மகளைக் காணோம். சற்றுத் தள்ளி ஒரு பாறையின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சிற்பம் ஏதும் இல்லை. வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். "இந்தக் குழியெல்லாம் ஒரே அளவுல இல்லியே. ஒரே காலத்துல வெட்டினதா?" என்று வழிகாட்டியிடம் கேட்டாள்.

அவர் குனிந்து விரலை விட்டுப் பார்த்தார். "பதினஞ்சு வருசமா இத்த தாண்டிகினுதாம்மா போறேன். கல்ல பொளக்க ஆப்பு வெச்ச குழின்னு சொல்லிட்டு போய்கினே இருப்பேன். இத்த யாரும் கேட்டதில்ல."

அவ்வளவுதான். என் நோட்டை வாங்கி, அதன் ஓரத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, இருவரும் பாறை பாறையாகக் கிளம்பிவிட்டார்கள். அந்த வெயிலில் ஒரு மணி நேரம். நான் நிழலில் உட்கார்ந்து வெள்ளரிப் பிஞ்சு தின்றேன். விடை கிடைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் திரும்பி வந்தபோது இருவர் முகமும் மலர்ந்திருந்தது.

கிளம்பும் நேரத்தில்தான், அவர் எந்தக் கல்லூரியில் வரலாறு படித்தார் என்று கேட்டேன்.

"ஹிஸ்டரியா? நான் பி.காம் சார். ஹிஸ்டரி படிச்சது என் மச்சான். அவரு சிறுசேரில கம்பெனி வண்டிங்களுக்கு டைம் போட்டுகினு கீறாரு" என்றவர், "நீங்க இன்னா சார் படிச்சீங்க?" என்று கேட்டார்.

"பி.எஸ்சி. இயற்பியல்."

"அப்போ அணு வேலயா?"

"இல்ல, ஸ்டோர்ஸ்."

"ஓ" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்கைக் கூட்டலாம் என்று நோட்டைத் திறந்தேன். வழிகாட்டிக்குக் கீழே மகளின் கையெழுத்தில் புதிதாக ஒரு வரி. அப்பா, பி.எஸ்சி. இயற்பியல், ஸ்டோர்ஸ். சம்பளம்கூடச் சரியாக இருந்தது. கடைசிக் கட்டம் மட்டும் காலி.

ஏன் விட்டுவிட்டாய் என்றேன். "அத நீங்கதாம்ப்பா எழுதணும்" என்றாள். குத்திக் காட்டும் தொனி துளியும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருட வேலையில் ஒரு சூத்திரத்தைக்கூட நான் பயன்படுத்தியதில்லை. 'எதற்கும் இல்லை' என்று எழுதிவிடலாம்தான். ஆனால் கல்லூரி ஆய்வகத்தில், சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி ஒற்றைக் கோடு இல்லை, இரண்டு கோடுகள் என்று முதன்முதலாகக் கண்ணால் பார்த்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் ஞாபகம் வந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதே இல்லை. அந்தச் சந்தோஷத்தைத்தான் காலையில் பாறைக்குப் பக்கத்தில் அவள் முகத்தில் பார்த்துவிட்டு, வெள்ளரிப் பிஞ்சு தின்றுகொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

கவுன்சலிங் நாளன்று நாங்கள் செங்கல்பட்டுக் கல்லூரியில் வரிசையில் நின்றோம்.

பணத்தைப் பொறுத்தவரை என் பயம் வீணல்ல. பக்கத்து பிளாட் பெண் இன்ஜினீயரிங் முடித்து முதல் மாதம் வாங்கிய சம்பளத்தை எட்ட, என் மகளுக்குப் பல வருடங்கள் ஆயின. இப்போது அவள் கல்வெட்டுகளைப் படியெடுக்கும் வேலையில் இருக்கிறாள். ஏதாவது ஒரு வரி பிடிபட்டுவிட்டால், அங்கிருந்தே எனக்கு போன் செய்துவிடுவாள். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். காலிக் கட்டத்தோடு வந்த எத்தனையோ படிவங்களை முகத்தில் அடித்த மாதிரித் திருப்பி அனுப்பியவன், என் பெயருக்கு நேரே இருக்கும் அந்த ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பவும் தெரியாமல், திருப்பி அனுப்பவும் மனமில்லாமல், இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.